பானட்டுக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது. பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு கதை படிக்கலாம். இது ஆரணியில், சேவூர் ரோட்டில், உச்சி வெயிலில் நடந்தது.

என்னிடம் நாலு சிலிண்டர் டீசல் வண்டி ஒன்று இருக்கிறது. பழசு. நூல் மூட்டை, நெல் மூட்டை, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். மனைவி சுபத்ரா காய்ச்சலில் போன பிறகு, படிப்புக்குக் கிடைத்த வேலையை விட்டுவிட்டேன். மகள் தன்விகாவுக்கு நாலு வயது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வண்டி போகும் இடமெல்லாம் அவளும் வருவாள். எனக்கு மிச்சம் அவள் மட்டும்தான்.

கொஞ்ச நாளாக ஐடிலிங்கில் நிற்கும்போது வண்டி உதறியது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். டக்... டக்...

"ஷட்டவுன் அன்னிக்கு எடுத்துகினு வாங்க சாரு," என்றார் மெக்கானிக் சின்னக்கண்ணு. "சுத்தி மோட்டார் தறி ஓடிகினு இருந்தா இந்தச் சத்தம் எங்க காதுல வுழும்? கரண்டு இல்லாத அன்னிக்குத்தான் நான் இஞ்சின் சத்தம் பாக்கறது."

அப்படியே போனேன். தறிகள் எல்லாம் ஓய்ந்து, தெருவே காது அடைத்தது போல இருந்தது.

அவர் பானட்டைத் தூக்கினார். முன்கண்ணாடி முழுக்க மறைந்தது. நான் ஸ்டியரிங்கில். எனக்குப் பின்னால் இருந்த படுக்கைப் பலகையில் தன்விகா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வாயால எதுவும் சொல்ல மாட்டேன் சாரு. ஸ்பேனரால ஒரு தட்டு தட்னா ரேஸ் குடுங்க. ரெண்டு தட்னா ஆஃப். வேற எதுக்கும் கால அசைக்காதீங்க."

"ஏன், வாய் ரிப்பேரா?"

எதைச் சொன்னாலும் பதிலுக்குப் பதில் கிண்டலடிக்கும் மனுஷன். அன்று சிரிக்கவில்லை.

ஒவ்வொரு சிலிண்டராக டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்தி நிறுத்திப் பார்த்தார். எதை நிறுத்தும்போது தட்டல் நிற்கிறதோ, கோளாறு அதில். முதலாவது. இஞ்சின் தொய்ந்தது, தட்டல் நிற்கவில்லை. இரண்டாவது. நிற்கவில்லை. மூன்றாவது... நின்றது.

நட்டை மறுபடி இறுக்கினார் போலிருக்கிறது. டக்... டக்... திரும்பி வந்தது.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"ரேஸ் குடு."

சின்னக்கண்ணுவின் குரல். தட்டினால் இந்தச் சத்தத்தில் கேட்காது என்று வாயாலேயே சொல்கிறார் என நினைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்ந்து, மிதித்தேன்.

"இன்னும்."

இஞ்சின் அலறியது. டக் டக் டக் டக். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவர் கத்தவில்லை. இத்தனை இரைச்சலிலும் மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது... காதோரம் பேசுவது போல.

அப்புறம், 'சாரு' இல்லை.

"முன்னாடி எடு."

கிளட்ச்சை மிதித்தேன். கியர் போட்டேன்.

"எடு."

பழக்கத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

வண்டிக்குப் பின்னால்... தூரத்தில்... சின்னக்கண்ணு. கையில் டீ கிளாஸ். ஓடி வந்துகொண்டிருந்தார்.

"எடு... எடு..."

குரல் பானட்டுக்கு முன்னாலிருந்து வந்தது.

ஸ்டாப்பரை இழுத்தேன். இஞ்சின் செத்தது.

திரும்பினேன். பலகை காலி.

இடது கதவு திறந்திருந்தது.

குதித்தேன்.

முன் டயருக்கு ஒரு சாண் முன்னால் தன்விகா குந்தியிருந்தாள். மண்ணில் கிடந்த நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு. அங்கே வேறு யாரும் இல்லை.

"யாரு சாரு உங்கள ரேஸ் குடுக்கச் சொன்னது?" சின்னக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. "டீக்குப் போறேன், ஆஃப்னு ரெண்டு தட்டு தட்டிட்டுத்தானே போனேன்!" அந்த ரெண்டு தட்டை நான் இஞ்சின் தட்டல் என்று நினைத்திருக்கிறேன்.

"நீங்கதான் சொன்னீங்க... முன்னாடி எடுன்னு..."

கிளாஸ் அவர் கையிலிருந்து நழுவியது. பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு, வெயிலில் நடந்து போய்விட்டார்.

தண்ணீர் கொடுத்த டீக்கடை ரேணுகாதேவிதான் சொன்னாள்.

"இதே எடம். இதே மாரி ஷட்டவுன். சின்னக்கண்ணு பொண்ணுப்பா, அஞ்சு வயசு, வண்டி ஏறிப் போயிடுச்சு. வண்டில உக்காந்துகினு இருந்தது சின்னக்கண்ணுவேதான். அவருக்கு வேலை கத்துக்குடுத்த மேஸ்திரி முன்னாடி எடுன்னாரு, எடுத்தேன்னு தலைல அடிச்சிகினாரு. மேஸ்திரி அப்போ இங்க, இந்த பெஞ்சில டீ குடிச்சிகினு இருந்தாரு."

வீட்டுக்கு வந்து தன்விகாவைக் குளிப்பாட்டினேன். விரல்களில் கிரீஸ் போகவில்லை. தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"வண்டியிலேருந்து ஏம்மா எறங்குன?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீதானப்பா கூப்ட்ட... முன்னாடி நின்னுகினு."