சிவகாசிப் பக்கம் ஒரு சுத்தியல் தலைப் புழு

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் சிவகாசிக்குப் போவது, கல்யாணம் முடிந்தபின் மண்டபத்துக்குப் போவது மாதிரி. நான் போனது வெடி வாங்க அல்ல, புழு பார்க்க. சுத்தியல் மாதிரித் தலையோடு ஒரு புழு வந்திருக்கிறது, உரத்தொட்டியில் மண்புழுக்கள் குறைகின்றன என்று செல்வி மதினி போனில் சொன்னார். இணையத்தில் அரைமணி நேரம் படித்துவிட்டு நிபுணராகக் கிளம்பினேன்.

மதுரையில் காலை 6.40க்குப் பேருந்து. விருதுநகர் வழியாக 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 80 ரூபாய். சிவகாசியிலிருந்து சாத்தூர் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்டோ, 200 ரூபாய். “ஒரு புழுவுக்கா அம்புட்டு தூரம் வாரீக?” என்றார் ஓட்டுநர். அப்புறம் கண்ணாடியில் என்னை அடிக்கடி சரிபார்த்துக்கொண்டார்.

மதினியின் கணவர் மாரியப்பன் என் பெரியப்பா மகன், பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பெனி மூடியிருக்கும் இந்த மாதத்தில் வீட்டை நடத்துவது, மதினி மண்புழு உரம் தயாரித்து விற்கும் மூன்று தொட்டிகள்தான். இரண்டைக் கிளறினால் ஒரு மண்புழுகூட இல்லை. மூன்றாவதில், ஈரச்சாக்கின் அடியில் அது கிடந்தது. பழுப்பு உடம்பு, முதுகில் கருங்கோடு, விசிறித் தலை. கொளுத்திய பாம்பு மாத்திரைக்கு உயிர் வந்ததுபோல. எங்கிருந்தோ வந்து நம் ஊரில் குடியேறிய தட்டைப்புழு. மண்புழுதான் அதன் சாப்பாடு.

முதலில் கண்டதை என்ன செய்தீர்கள் என்றேன். அண்ணன் பெருமையாகச் சொன்னார்: துண்டு துண்டாக நறுக்கி, வாளித் தண்ணீரில் போட்டாராம். மிச்ச வெடிமருந்தைத் தண்ணீரில் போட்டுச் சாகடிக்கிற கம்பெனிப் பழக்கம். மறுநாள் வாளியை உரத்தொட்டியிலேயே கவிழ்த்தும் விட்டார்.

இது வெட்ட வெட்டப் பெருகும், ஒவ்வொரு துண்டும் ஒரு புழுவாகும் என்றேன். மதினி புருஷனைப் பார்த்தார்.

“ஒத்த வெடியச் சரவெடியாக்கிட்டாக உங்க அண்ணன்.”

மத்தியானம்வரை குச்சியால் எடுத்து எடுத்து உப்பு டப்பாவில் போட்டோம். பதினொன்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். நர்சரிச் செடியின் மண்ணில் ஒளிந்துதான் இது ஊர் மாறும், எந்தக் கூமுட்டை கொண்டுவந்தானோ என்று பிரசங்கம் செய்தேன். மதினி தொட்டியோரம் இருந்த குரோட்டன்ஸ் சாடியைக் காட்டினார்.

“போன ஆடிக்கு நீங்க கொண்டாந்தது.”

தூக்கிப் பார்த்தோம். அடியில் மூன்று.

போகிறவர்களுக்கு: இந்தப் புழுவை வெறுங்கையால் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். உப்பை டப்பாவில் போடுங்கள். தொட்டியில் கொட்டினால் மண்புழுவும் சாகும். சாடி மண்ணில் கொதிதண்ணீர் ஊற்றினோம். குரோட்டன்ஸ் போய்விட்டது, மூன்றாவது தொட்டி இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது.

விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். கிளம்பும்போது மதினி வாசல்வரை வந்து சொன்னார்: “அடுத்த தடவ கைய வீசிட்டு வாங்க, கொளுந்தனாரே.”