பட்டு மனையில் கரப்பான்

ஊரே செருப்பைத் தூக்கிக்கொண்டு துரத்தும் உயிருக்கு, வேளாவேளைக்குத் தவிடும் கேரட்டும் வைத்து வளர்ப்பதுதான் என் தொழில். "என்ன வேலை செய்றீங்க?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை எச்சில் விழுங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி, பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நகரங்களில் வெளிநாட்டுப் பல்லி, ஓணான் வகைகளைச் செல்லமாக வளர்ப்பவர்களுக்கு உயிரோடு பூச்சி வேண்டும். அதை தர்மபுரி மாவட்டம் ஏரியூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் இருக்கும் கொட்டகையில் வளர்த்து அனுப்புகிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் மற்றவர்கள் சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். இது ஒன்றுதான் நானாகத் தொடங்கியது. கடைசியில் அதுவே என் மூச்சை அடைத்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இளைப்பு. விடுவதா, வைத்துக்கொள்வதா என்று நான் தவித்த கதைதான் இது.

காலி மனை

முன்பு எங்களுக்குப் பட்டுப்புழுதான் பிழைப்பு. புழு வளர்க்கும் கொட்டகையை மனை என்போம். போர்வெல் வற்றி மல்பெரித் தோட்டம் காய்ந்தது, புழுவும் போயிற்று. என் வீட்டுக்காரர் மாதையன் மனையைப் பூட்டிவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன் சதீஷ், தாடி வைத்தது போன்ற ஒரு வெளிநாட்டு ஓணானை வளர்க்கிறான். அதற்குப் பூச்சி கிடைக்காமல் அலைந்து அலுத்தவன், "அத்தை, புழு வளத்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒரு டப்பாவை என்னிடம் தந்தான். உள்ளே வெளிநாட்டுக் கரப்பான், டூபியா என்று பெயர். நம் சமையலறை ஆசாமி மாதிரி இல்லை. பறந்து முகத்தில் வந்து விழாது, வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது. முட்டை அட்டைகளை நிறுத்தி வைத்தால் இடுக்கில் குடித்தனம் நடத்தும். நான் மனையின் பூட்டைத் திறந்தேன். வீட்டுக்காரர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது.

"பட்டு வளத்த எடத்துல கரப்பானா? இனிமே நான் இந்த மனையில காலு வெக்க மாட்டேன், பாத்துக்க."

டம்ளரில் வந்தது

அதற்குப் பிறகு ஊரில் எந்த வீட்டில் கரப்பான் ஓடினாலும் அது என் வீட்டுக் கரப்பான்தான். அரிசி மூட்டையிலிருந்து வந்தாலும் சரி, சாக்கடையிலிருந்து வந்தாலும் சரி. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தட்டால் மூடி, பால் கொண்டுவருவது போலப் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டினாள். திறந்தால் உள்ளே ஒரு சாதாரண வீட்டுக் கரப்பான், மீசையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

"இது என்னுது இல்ல கண்ணம்மா, என்னுது தடியா இருக்கும், இது ஒல்லி" என்றேன். அவள் நம்பவில்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தோன்றியது. அடித்துக் கொன்றிருக்கலாம், அதைச் செய்யாமல் என்னுடையது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். போகும்போது வாசலில் நின்று ஒரு யோசனையும் சொன்னாள்.

"உங்களுது எதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? ஒரு தபா எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

எத்தனை டிக்கெட்

பெங்களூருக்குப் பார்சல் அனுப்பத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. உள்ளே என்ன என்று கேட்டால் பொய் சொல்வதில்லை. ஒருமுறை ஒரு கண்டக்டர் பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்டார், சரசரவென்று சத்தம். விஷயத்தைச் சொன்னேன். பெட்டியைத் தன் சீட்டுக்கு அடியில் வைக்கப் போனவர் நிமிர்ந்து, அதை டிரைவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு விசிலை எடுத்தார்.

"உசுரோட பிரயாணம் பண்றதுக்கெல்லாம் டிக்கெட்டு போடணுமேம்மா, மொத்தம் எத்தன பேரு?"

கோயம்புத்தூர் அம்மா

கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் அம்மா, தவறாமல் பூச்சி வாங்குவார். தனியாக இருப்பவர். அவருடைய ஓணானுக்கு ராஜா என்று பெயர். ராஜா இன்று எத்தனை தின்றான், எப்போது கண்ணை மூடினான் என்றெல்லாம் எனக்குச் சொல்வார். முதலில் சிரிப்பு வந்தது. போகப் போக நானே போனை எடுத்ததும் "ராஜா எப்படி இருக்கான்?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் ராஜா போய்விட்டான் என்றார். நம் பக்கத்தில் ஓணான் செத்ததற்குத் துக்கம் விசாரித்துப் பழக்கமில்லையே. "அப்ப பூச்சி இனிமே வேணாங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இருக்கிற பூச்சியை என்ன செய்வார் என்பதும் எனக்குக் கவலைதான். எப்போதும் போல அனுப்பச் சொன்னார். அன்றைக்குத்தான் என் தொழில் எனக்கே கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

"திங்கறதுக்கு ஆளில்லைங்க அக்கா. ஆனா ஆபீஸ்ல இருந்து வந்து அந்தப் பெட்டியைப் பார்த்தா, உள்ள ஏதாச்சும் ஒண்ணு அசையோணும்."

டாக்டரிடம்

டப்பாவின் அடியில் சேரும் எச்சத்தைச் சல்லடையில் சலித்து எடுக்க வேண்டும். மெல்லிய தூசி பறக்கும். முதலில் கையில் அரிப்பு வந்தது. அப்புறம் தும்மல். பிறகு மனைக்குள் போய் வந்தாலே நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல இருந்தது. மாஸ்க் போட்டேன், அதன்மேல் துண்டைக் கட்டினேன். இளைப்பு நிற்கவில்லை.

தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் போனோம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், ஊதச் சொன்னார். அலர்ஜி என்றார். வீட்டில் நாய் உண்டா, பூனை உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "கரப்பான் தொல்லை உண்டாம்மா?" என்றார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எடுத்து, தினமும் மூச்சில் இழுக்க மருந்து எழுதினார், அந்தக் கொட்டகைக்குள் இனிமேல் நுழையவே கூடாது என்றார், இல்லாவிட்டால் ஒரு நாள் மூச்சு மொத்தமாக நின்றுவிடும் என்று பயமுறுத்தினார். கோபமா ஆச்சரியமா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில் ஒன்று சொன்னார்.

"எல்லாரும் கரப்பான ஒழிக்க வழி கேக்கறாங்க, நீங்க அதுக்கே சோறு போட்டு வளத்துட்டு எங்கிட்ட மருந்துக்கு வந்திருக்கீங்க!"

வெள்ளைப் பூச்சி

டாக்டர் சொன்னதைக் கேட்டேனா? கேட்கவில்லை. நான் போகாவிட்டால் அவற்றுக்கு யார் தண்ணீர் வைப்பது? ஓடிப் போய்த் தீனியை வைத்துவிட்டு ஓடி வருவேன், வந்து மருந்தை இழுப்பேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் பென்னாகரம் போய் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால், மனைப் பக்கமிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி. கதவு திறந்திருக்கிறது. உள்ளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவர். காலடியில் பக்கெட், அதில் பிளீச்சிங் பவுடருக்கு நடுவே செத்துப்போன வெள்ளைக் கரப்பான்கள். எனக்கு உயிரே போய்விட்டது. "என்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன், அந்தக் கத்தலிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. இவர் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து உட்காரவைத்தார்.

பட்டுப்புழுவுக்குச் சுண்ணாம்பு நோய் என்று ஒன்று வரும். புழு சாக்பீஸ் மாதிரி வெளுத்து விறைத்துப்போகும். ஒன்றில் கண்டால் உடனே பொறுக்கி அழித்து, மனை முழுக்க மருந்தடிக்க வேண்டும். தாமதித்தால் அத்தனையும் போகும். வெள்ளையாகப் பூச்சிகளைப் பார்த்ததும் பட்டுக்காரருக்கு அந்த நோய்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கையாலேயே பொறுக்கியிருக்கிறார். கரப்பான் தோல் உரித்ததும் வெள்ளையாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும் என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, பூச்சிக்காக இல்லை. கால் வைக்க மாட்டேன் என்றவருக்கு உள்ளே இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தெனமும் சன்னல் வழியா பாத்துட்டுதானே இருக்கறேன். இன்னைக்குத்தான் வெள்ளையா கண்ணுல பட்டுச்சு. உன் பொழப்பு போயிடும்னு பயந்துட்டேன்."

வாங்க வந்தவர்

அன்று இரவெல்லாம் இருமினேன். இனி முடியாது என்று எனக்கே புரிந்தது. சேலத்தில் இதே தொழில் செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு, மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் இருப்பது போல ஒரு வெறுமை.

அவர் சின்ன டெம்போவோடு வந்தார். நான் புங்கமரத்தடியில் நாற்காலியில் இருந்தேன். மனைக்குள் காட்ட வேண்டிய வேலை வீட்டுக்காரருக்கு. வாசலிலேயே வந்தவரை நிறுத்தி, செருப்பைக் கழற்றவைத்து, பிளீச்சிங் கலந்த தண்ணீரில் கால் நனைக்கவைத்த பிறகுதான் உள்ளே விட்டார். பட்டு மனைக்குச் செய்கிற அதே மரியாதை. உள்ளே வீட்டுக்காரர் குரல் ஏறி இறங்கிக் கேட்டது. தோல் உரிக்கும்போது தொடக் கூடாதாம், அட்டையில் ஈரம் நிற்கக் கூடாதாம். நான் சொன்னதையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த சேலத்துக்காரர், "நல்லா வெச்சிருக்கீங்க. ஏத்திடலாமா?" என்றார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"விக்கறதுக்குக் காட்டலைங்க. வளக்கறது எப்படின்னு பாத்துட்டுப் போவீங்கன்னுதான் காட்டினேன்."

எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா என்று கோபமும் உண்டு. இப்போது மனைக்குள் போவது அவர்தான், நான் வீட்டிலிருந்து போனும் கணக்கும் பார்க்கிறேன். வாசல் வரை போனால்கூட, "நீ அங்கியே நில்லு" என்று உள்ளிருந்து அதட்டல் வருகிறது. போன வாரம் ஒரு புது வாடிக்கையாளருக்கு, பூச்சி ஏன் சோர்ந்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாக எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு கடைசியில் அந்தப் பிள்ளை கேட்டது இதுதான்.

"சரிங்கம்மா, எதுக்கும் போனைக் கொஞ்சம் சார்கிட்டக் குடுக்கறீங்களா?"

மூச்சு திரும்பிவிட்டது, பூச்சியும் பிழைத்துவிட்டது, முதலாளி மட்டும்தான் மாறிவிட்டார்.