வந்த நோக்கம்

கொரோனா தணிந்து விடுதிகளைத் திறக்கலாம் என்று அறிவித்ததும், அம்பிட்டியவில் மூன்று அறைகளோடு நான் நடத்திவந்த விடுதிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வாசலில் காலால் மிதித்துத் திறக்கும் குழாய் வேண்டும், தரையில் மஞ்சள் கோடு வேண்டும், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பெயரும் காய்ச்சல் அளவும் வந்த நோக்கமும் எழுதப் புத்தகம் வேண்டும் என்றார். ஆளே வராத இடத்துக்கு இத்தனை ஆரவாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் செய்துவைத்தேன்.

ஒரு மாதமாக ஒருவரும் தங்க வரவில்லை. முன்பு ரயில் நிலையத்திலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் மட்டும், அதே ஆட்டோவில் வத்தேகமச் சந்தை மரக்கறியை விற்றுக்கொண்டு தினமும் வந்தார். கை கழுவி, நெற்றியைக் காட்டி, புத்தகத்திலும் எழுதுவார்.

“உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“பக்கம் வெறுமையா கெடந்தா பாக்க நல்லாவா இருக்கு?” என்றார்.

பரிசோதகர் மறுபடி வந்து புத்தகத்தைப் புரட்டினார். எல்லா வரியிலும் ஒரே பெயர், ஒரே நோக்கம்: மரக்கறி. திட்டப்போகிறார் என்று நானும் பதிலுக்குக் கத்தத் தயாராக நின்றேன்.

“வேற ஆள் வரல்லையா?” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

“இல்லை சேர்.”

வெளியே போய்க் குழாயை மிதித்துக் கை கழுவினார். திரும்பி வந்து நெற்றியைக் காட்டினார். பேனாவை எடுத்து அடுத்த வரியில் தன் பெயரை எழுதினார். நோக்கம் ‘பரிசோதனை’யாகத்தான் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ‘தேநீர் குடிக்க’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்.

நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.