வலிக்கு நான் சொன்ன விலை

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்து, எலும்பைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். மார்பெலும்பின் இரு பக்கமும் நூல் மாதிரி ஒரு குழாய். அதன் வழியாக அந்த இடத்து நரம்பை மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்து இறங்கும். ஆளுக்கு மயக்கம் கிடையாது, நன்றாகப் பேசலாம். அதுதான் வம்பாகிவிட்டது.

"வலி எவ்ளோ இருக்கு சார்? பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாதது" என்று நர்ஸ் கேட்டாள். நான் சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

நான் மேல்விஷாரத்தில் பச்சைத்தோல் வாங்கி விற்கிறவன். எட்டு பெறும் சரக்குக்கு மூன்று என்றுதான் வாயைத் திறப்பேன். எதிராளி தலையில் அடித்துக்கொண்டு பத்து என்பான். சத்தியம் செய்து, கோபித்துக்கொண்டு, டீ குடித்து, எட்டில் கை கொடுப்போம். எடுத்த எடுப்பில் நிஜ விலையைச் சொல்கிறவனைப் பைத்தியம் என்பார்கள்.

அதனால் "மூணு" என்றேன். "பரவாயில்லையே!" என்று சிரித்து, மருந்தைக் குறைத்துவிட்டுப் போயேவிட்டாள். அட, சொன்ன விலைக்கே படிந்துபோகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் மூச்சு இழுத்தாலே உயிர் போனது. இருமவே முடியவில்லை. இருமாவிட்டால் நுரையீரலில் சளி கட்டும், மறுபடி தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் வைக்க வேண்டிவரும் என்றார் மயக்க மருந்து டாக்டரம்மா. மிஷினுக்குப் போனால் திரும்ப மாட்டேன் என்று எனக்கு ஒரே நடுக்கம். அப்படியும், வலி எவ்வளவு என்று அவர் கேட்டதும் வாய் தன் புத்தியைக் காட்டியது.

"நாலு." ஒரு படி ஏறிவந்த தாராளம் வேறு.

"அய்யோ டாக்டர், அது இவுரு வாங்குற வெல!" என்று என்னைப் பார்க்க உள்ளே வந்திருந்த என் மனைவி சத்தம் போட்டாள்.

"இங்க பேரம் கெடையாதுங்க. மூச்சு விடணுமா, வேணாமா?" என்றார் டாக்டரம்மா.

"ஒம்போது" என்றேன். சொன்னதும் அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. மருந்தை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினேன். சளி வந்தது. நல்ல கொள்முதல் முடித்தவன் மாதிரி மனைவியைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "போன வருசமெல்லாம் நெஞ்சுல இன்னா பண்ணுதுன்னு கேட்டுக்கேட்டு பேஜாராயி நின்னேன். ஒண்ணுமில்ல, கேஸ் ட்ரபுளுன்னீங்க. அப்ப எவ்ளோ?"

கூட்டாமல் குறைக்காமல் "எட்டு" என்றேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.