நாலு விரல் குறைச்சல்

விருத்தாசலத்தில் பீங்கான் அகல்விளக்கு செய்யும் பட்டறையில் எனக்குப் பலகை வேலை. ஈரம் காயாத அகல்களை நீளப் பலகையில் அடுக்கி, தோளில் ஏற்றி, வெயில் களத்துக்கு நடக்க வேண்டும். பதினோரு வருடம் நடந்தேன். போன வருடம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது முட்டி திருகி, உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் கழித்துப் போனால், முதலாளி என்னை உட்காரவைத்து அகல் விளிம்பில் பிசிறு எடுக்கச் சொன்னார்.

“பிசியோ எழுதிக் குடுத்தாத்தான் பலகை. நீ வுழுந்து வெச்சா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

உட்கார்ந்த வேலை எனக்கு ஆகவே ஆகாது. மற்றவர்கள் பலகை தூக்கிப் போவதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ சின்னப் பெண். தரையில் மூன்று பக்கமாக டேப் ஒட்டி, நடுவில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். மறு காலை டேப் மேல் முடிந்த தூரம் நீட்டி, விழாமல் திரும்ப வேண்டும். கை இடுப்பை விட்டு எழக் கூடாது. இரண்டு காலிலும் மாற்றி மாற்றி நிற்கவைத்து, நீட்டிய தூரத்தை அளந்தார்.

“ஆபரேஷன் பண்ண கால்ல நிக்கிறப்ப எட்டுற தூரம் நாலு விரல் கொறையுதுங்க அக்கா. ஒரு மாசம் கழிச்சு வாங்க.”

“நாலு விரலுக்கு ஒரு மாசமா? படி ஏறுறேன், கடைக்குப் போறேன், இன்னும் என்னம்மா வேணும் ஒனக்கு?” என்று கத்திவிட்டேன். சிரித்தாரே தவிர, எழுதித் தரவில்லை.

மறுநாளே பட்டறைத் தரையில் சாக்பீஸால் அந்த மூன்று கோட்டையும் கிழித்தேன். சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேதான் நின்றேன். கூட வேலை செய்யும் மங்கலம்பேட்டைக்காரி, “என்னக்கா, கொக்காட்டம் நிக்கிற, மீனு கெடைச்சுதா?” என்று கிண்டலடித்தாள். “நீ வந்து நில்லுடி” என்றேன். முட்டியில் ஒரு கீறல்கூட இல்லாதவள், இரண்டாம் கோட்டிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து அளந்தபோது குறைச்சல் அரை விரல்தான். சீட்டு எழுதிய அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னமோ எழுதியிருக்குது. நெசமாவே நிப்பியா?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. அத்தனை பேர் முன்னால் கோட்டில் ஏறி, இடது காலில் நின்று, மூன்று பக்கமும் நீட்டித் தொட்டேன். “இப்ப நீங்க நில்லுங்க மொதலாளி, பாக்கலாம்.”

வீம்புக்கு அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றார். முதல் கோட்டிலேயே தள்ளாடி, என் தோளை எட்டிப் பிடித்தார். நான் அப்போதும் அதே ஒற்றைக் காலில்தான் நின்றிருந்தேன். அசையவில்லை.

பிடியை விடாமலே சொன்னார்: “செரி, செரி. பலகையை எடு போ.”