தலைக்கு ஒன்று, உட்கார ஒன்று

நோலீன் ஃபீஜோவாப் பழத்தை இரண்டாக வெட்டி, கரண்டியை ஒரு சுழற்றுச் சுழற்றி, சதையைச் சட்டியில் தட்டுகிறாள். பக்கத்து அடுப்பில் வெங்காயம் வதங்குகிறது. "மூச்ச விடு, விடு, இன்னும் விடு," என்று அதனிடம் சொல்கிறாள். எத்தனை மூச்சில் வெங்காயம் பொன்னிறமாகும் என்பது அவளுக்குக் கணக்கு.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களுக்குப் பாதி ஆயுள் சமைத்துப் போட்டவள். இடுப்பு போன பிறகு யோகா படித்தாள். இப்போது வைரோவா ஊர்க் கூடத்தில் செவ்வாயும் புதனும் காலை வகுப்பு எடுக்கிறாள். வகுப்பு முடிந்ததும் சாப்பாடு. அந்தந்தப் பருவத்தில் தோட்டம் கொடுப்பதுதான்: கோடையில் சோளம், இலையுதிர்கால ஏப்ரலில் பூசணி சூப்பும் ஃபீஜோவாவும், குளிரில் ஓடைக்கீரை. குளிர்காலத்தில் யாராவது கடைத் தக்காளியோடு வந்தால், "இது எந்த ஊரு கைதி?" என்பாள்.

பருத்தவர், ஒற்றைக்கால்காரர், சக்கர நாற்காலியில் வருபவர், எல்லாருக்கும் ஒரே பேச்சு: "இருக்குற உடம்போட வா. வேற உடம்பு யாருகிட்டயும் இல்ல."

ஆனால் வந்தவர்கள் எல்லாரும் நோலீனையும் என்னையும் போல வெள்ளைக்காரர்கள். ஊரில் பாதிக்கு மேல் மாவோரிகள், இந்த மண்ணின் பூர்வகுடிகள். "ஊரே வராத வகுப்ப ஊர்க் கூடத்துல நடத்துறேன், வெக்கமா இருக்குடி," என்பாள். மாவோரிப் பெண்களுக்கெல்லாம் பெரியவர் ஹுஹானா ஆன்ட்டி. அவரை மீன் கடையில் பார்த்தாலும் அழைப்பாள், சாவு வீட்டில் பார்த்தாலும் அழைப்பாள்.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி தன் கூட்டத்தோடு வந்துவிட்டார். நோலீனுக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் அடுக்களையில் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடம் திடீரென்று அமைதியானதும் எட்டிப் பார்த்தேன்.

நோலீன் தானே தைத்த திண்டுகளைக் கொடுத்து அவற்றின்மேல் எல்லாரையும் உட்கார வைத்திருக்கிறாள். கடைசியில் சவாசனத்துக்கு அதே திண்டைத் தலைக்கு வைத்துப் படுக்கச் சொல்லிவிட்டாள். மாவோரிகளுக்குத் தலை புனிதம்.

ஆன்ட்டி எழுந்து நின்றிருந்தார். "நோலீன், இவ்வளவு நேரம் என் பின்பக்கம் இருந்த எடத்துல என் தலைய வெக்கச் சொல்றியா?"

"ஆன்ட்டி, நான்..."

"உன் மனசு நல்லதுதான். என்னால ஆகாது, கண்ணு."

அவர் பின்னால் அத்தனை பெண்களும் போய்விட்டார்கள்.

"என் சாப்பாட்டு மேசைல ஏறி உக்காந்த எவனையாவது விட்டிருக்கேனா? கரண்டியாலயே போடுவேன். இது எப்படிடி எனக்குத் தோணாம போச்சு?" என்றாள் நோலீன்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள்; அங்கே கற்ற வழியைச் சொன்னேன்: "தலைக்கு வெள்ளை உறை. மத்ததுக்கெல்லாம் நீல உறை. கலக்கவே கூடாது. அவ்வளவுதான் விஷயம். அழுறதுன்னா அப்புறமா அழு."

"யாரு அழுறா? வெங்காயம்," என்றாள். வெங்காயம் எப்போதோ சூப்பில் கரைந்துவிட்டிருந்தது.

சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆன்ட்டி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி, அது ஒண்ணு. தலைக்குத் தனியா வெள்ளை, உக்காரத் தனியா நீலம், அப்படி வெச்சா நாளைக்கு வருவீங்களா, அது ரெண்டு."

ஆன்ட்டி சட்டி மூடியைத் திறந்து பார்த்தார். "இதுல எலும்பு எங்க?"

"யோகா சூப்பு, ஆன்ட்டி."

"அதான் எல்லாரும் காத்துல பறக்குற மாதிரி இருக்கீங்க. எலும்ப நான் கொண்டாரேன் போ."

அன்று பிற்பகல் என் தையல் இயந்திரம் நிற்கவே இல்லை. திண்டுகளுக்கெல்லாம் நீல உறை போட்டோம். வகுப்பில் இருந்தவர்கள் ஆளுக்கொரு புதுத் தலையணை வாங்கி வந்தார்கள், அவற்றுக்கு வெள்ளை.

மறுநாள் காலை ஆன்ட்டி எலும்புக் குழம்போடு வந்தார். முந்தின நாளைவிடப் பெரிய கூட்டம். பண்ணைக்கார காலினுக்கு வாசற்படியில்தான் இடம் கிடைத்தது. "ஏய், கதவ மூடாதீங்க, என் கால் வெளிய இருக்கு!" என்று கத்தினான். கூடமே சிரித்தது.

சவாசனத்தில் நோலீன் ஒவ்வொருவர் தலையாக இரு கையாலும் ஏந்தி, கழுத்தை இதமாக நீட்டிவிட்டு வருவாள். ஆன்ட்டியிடம் வந்ததும் நின்றாள். தலைமாட்டில் மண்டியிட்டு, கைகளைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தொடலாமா, ஆன்ட்டி?"

ஆன்ட்டி கண்ணைத் திறக்கவில்லை. வெள்ளைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காத்திருந்தார். நோலீன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அந்தத் தலைக்கடியில் நீட்டினாள்.