பலகையின் நீளம்

வார்னிஷ் டப்பாவைத் திறந்ததும் அந்தப் பழைய மீட்டர்கேஜ் ரயில் பெட்டியின் வாசனை வந்துவிட்டது. துரு, மரப்பலகை, பீடி எல்லாம் கலந்த வாசனை. உத்திரமேரூர் வீட்டில் மாதக்கணக்காக நான் சின்ன அளவில் செய்துகொண்டிருப்பதும் அதே பெட்டியைத்தான். ஜன்னல் கம்பிகூட அசல் போலவே இருக்க வேண்டும் எனக்கு. ஒரு நூல் பிசகினாலும் உடைத்துப் போட்டுவிடுவேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. வாலாஜாபாத்தில் ரயில் ஏறி, அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அம்மா ஜன்னலோரப் பலகையில் முழங்காலை வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்தாள். நைனா இறங்கும்வரை நின்றுகொண்டே துண்டால் விசிறினார்.

"அம்மா ஏன் நைனா சுருண்டுக்கினு கீது?"

"பலக குட்டடா. கால் நீட்ட எடம் இல்ல."

பலகை செய்தவன் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. திரும்பி வந்தது நானும் நைனாவும் மட்டும்தான். அந்தக் கோபம் இன்றுவரை போகவில்லை.

இன்று அந்தப் பெட்டியின் பழைய ரயில்வே வரைபடத்தின் அளவுப்படியே பலகையை ஒட்டினேன். அம்மாவை அவள் உயரத்துக்குக் கணக்காக மெழுகில் செய்து, காலை மடக்கிப் படுக்க வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குக் கால மடக்கி வெச்சிக்கிறீங்க? நீட்டியே படுக்க வெக்கலாமே, எடம் கீதே."

மெழுகுக் காலை மெதுவாக நீட்டிப் பார்த்தேன். அம்மா நன்றாக நீட்டிப் படுத்த பிறகும், காலடியில் நைனா உட்கார இடம் இருந்தது.